வீட்டில் சோடாத் தண்ணீர் அடிக்க: திருகோணமலையில் காஸ் எங்கே, எப்படி?

உப்புவெளியான்:

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் இருக்கிற அக்கா கோணேசர் திருவிழாவுக்கு வந்தபோது சோடாத் தண்ணீர் அடிக்கிற மெஷின் ஒன்றைத் தந்துவிட்டுப் போனா. கரண்ட் ஒன்றும் தேவையில்லை, பின்பக்கம் சின்ன சிலிண்டரைப் பூட்டி, போத்தலில் தண்ணீரை நிரப்பிக் கொளுவி, மேலே உள்ள பட்டனை அமுக்கினால் வேலை முடிந்தது. ஆனால் காஸ் நிரப்பிய சிலிண்டரை விமானத்தில் கொண்டுவர முடியாது என்பதால் மெஷின் மட்டும் வந்து சேர்ந்து அலுமாரிக்கு மேல் கிடக்கிறது.

வீட்டில் இதற்கு ஆள் அப்பாதான். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவருக்கு ஒரு சோடா வேண்டும். அவருக்குச் சீனி வருத்தம் இருப்பதால் கலர்ச் சோடாக்களை டொக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார், அதனால் வெற்றுச் சோடாவுக்கு மாறினார், இப்போது குசினிக்குப் பின்னால் பிளாஸ்ரிக் போத்தல் மலைபோல் குவிகிறது. மெஷின் சும்மா கிடக்கட்டும் என்று அப்பச்சோடாவையும் தேசிக்காய்ப் புளியையும் தண்ணீரில் கலந்து கொடுத்தேன், பொங்கியது என்னவோ நன்றாகத்தான் பொங்கியது, ஆனால் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு "இது கடல்தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கேள்விகள்: ஒன்று, இந்த மெஷினுக்கு இங்கே ஏதாவது வழி உண்டா? இரண்டாவது, வெல்டிங் பட்டறையில் வைத்திருக்கிற காஸும் இதுவும் ஒன்றுதான் என்று ஒரு நண்பர் சொல்கிறார், உண்மையா? அப்புறம் தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர், பைப் தண்ணீரில் குளோரின் மணக்கிறது, எதைப் பாவிப்பது?

ஓய்வுபெற்ற இரசாயனம்:

தம்பி, அப்பச்சோடாவை நேரே குடிக்கிற தண்ணீரில் போடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள், அதுவும் அப்பாவுக்கு. கணக்கைப் பாருங்கள். கடைச் சோடா மாதிரி சுர்ரென்று ஏற வேண்டுமானால் ஒரு லீற்றருக்கு 6 கிராமாவது காபனீரொட்சைட்டு, அதாவது சோடாவில் இருக்கிற அந்தக் காஸ், கரைந்திருக்க வேண்டும், கொஞ்சம் கடுமையாக வேண்டுமென்றால் 8 கிராம். 84 கிராம் அப்பச்சோடா முழுதாகத் தாக்கமடைந்தால் 44 கிராம் வாயு வரும். அப்படியென்றால் 6 கிராம் வாயுவுக்கு ஏறக்குறைய பதினொன்றரை கிராம் அப்பச்சோடா. அதிலுள்ள சோடியம் மட்டும் 3 கிராமுக்கு மேல், அது எங்கும் போகாது, முழுக்க உங்கள் தண்ணீரிலேயே இருக்கும். ஒரு நாளைக்கு 2 கிராமுக்குக் குறைவாகச் சோடியம் எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பா சொன்னது சரிதான்!

வாயுவை ஒரு போத்தலில் உண்டாக்கி, குழாய் வழியாக இன்னொரு போத்தலில் இருக்கிற குளிர்ந்த தண்ணீருக்குள் விட்டால் உப்பு அந்தப் பக்கமே நின்றுவிடும். இது புதுசு இல்லை. 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பியர் வடிசாலைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஜோசப் பிறீஸ்ற்லி, நொதிக்கிற தொட்டிகளுக்கு மேல் தேங்கி நிற்கிற வாயுவில் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாறி மாறி ஊற்றிப் பார்த்துத்தான் தண்ணீர் அந்த வாயுவைப் பிடிக்கும் என்று கண்டார். 1772இல் அவர் வெளியிட்ட செய்முறையில் சுண்ணக்கல்தூளில் கந்தக அமிலத்தை ஊற்றி, வரும் வாயுவைத் தண்ணீருக்குள் செலுத்துகிறார். நாங்கள் சுண்ணத்துக்குப் பதில் அப்பச்சோடா, கந்தக அமிலத்துக்குப் பதில் கேக் சாமான் விற்கிற கடையில் கிடைக்கிற சித்திரிக்கமிலம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் எந்த வழியில் போனாலும் முதலில் பார்க்க வேண்டியது காஸ் இல்லை, குளிர். இதை நான் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் 0 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் தண்ணீர் சுமார் 3.3 கிராம் காபனீரொட்சைட்டைப் பிடித்து வைத்திருக்கும், 30 பாகையில் அது வெறும் 1.3 கிராம். கச்சான் வீசுகிற மாதங்களில் எங்கள் ஊர்ப் பைப்பில் வருகிற தண்ணீர் 30 பாகைக்குக் குறைவாக வருமா? லண்டனில் குழாயைத் திறந்து நேரே மெஷினில் வைத்தால் சோடா வரும், இங்கே அதே மெஷின், அதே காஸ், அதே அமுக்கல், பாதிக் காஸ் வெளியே போய்விடும். தண்ணீரை இரவே பிரிட்ஜில் வைத்து 4 பாகைக்குக் கொண்டுவந்த பிறகுதான் மற்ற எல்லாம்.

நிலாவெளி பார்க்காரன்:

ரீச்சர் சொன்னதை அனுபவத்தில் சொல்கிறேன். நான் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல் பாரில் வேலை, சோடாவும் ட்ராஃப்ட் பியரும் எங்களிடம் சீஓடூ, அதாவது ரீச்சர் சொன்ன காபனீரொட்சைட்டு, சிலிண்டரில்தான் ஓடுகிறது. அமுக்கம் 30 பிஎஸ்ஐ (ரயருக்குக் காற்று அடிக்கும்போது பார்க்கிற அதே அலகு) என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 4 பாகையில் இருந்தால் ஒரு லீற்றர் தண்ணீருக்குள் 4 லீற்றருக்குக் கொஞ்சம் கூடவே காஸ் போய் உட்காரும், அது நல்ல கடும் சோடா. அதே 30 பிஎஸ்ஐ, தண்ணீர் 30 பாகை என்றால் சுமார் 2 லீற்றர்தான் நிற்கும். சூட்டை ஈடுகட்ட அமுக்கத்தை ஏற்றலாம்தான், ஆனால் அது போத்தலுக்குக் கூடாது, திறந்த உடனேயே முழுக்கப் பொங்கி வெளியே வந்தும்விடும்.

அண்ணா, மெஷினை அப்படியே வைத்திருங்கள், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்தச் சின்ன சிலிண்டரில் பிடிக்கிறது 400 கிராம் சொச்சம். 60 லீற்றர் வரும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், கடுமையாக அடிக்கிறவர்களுக்கு அதில் பாதி, மிஞ்சினால் கொஞ்சம் கூட. வெற்றுச் சிலிண்டரைக் கொடுத்து நிரம்பிய சிலிண்டரை மாற்றி எடுக்கிற கடை லண்டனில் தெருவுக்குத் தெரு இருக்கும், இங்கே நீங்கள் அதற்காகவே கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

சரி, நான் செய்வது இது. 5 கிலோ உணவுத்தர சீஓடூ சிலிண்டர் ஒன்று, அதற்கு அமுக்கத்தைக் குறைத்துத் தருகிற ரெகுலேற்றர், உணவுக்குப் பாவிக்கிற குழாய், முனையில் போத்தல் வாயில் திருகிப் பூட்டுகிற பிளாஸ்ரிக் அல்லது ஸ்டெயின்லெஸ் கார்பனேஷன் மூடி. வீட்டில் பியர் வடிக்கிறவர்களுக்கான சாமான் என்று ஒன்லைனில் தேடினால் அந்த மூடி வரும். போத்தல் கடைச்சோடா வந்த அதே பிளாஸ்ரிக் போத்தல்தான், அப்பா குவித்து வைத்திருக்கிறாரே, அது. அடி ஐந்து கால் வைத்த மாதிரி மேடு பள்ளமாக இருக்கும் பாருங்கள், அது அமுக்கத்துக்காகச் செய்தது. வெற்றுத் தண்ணீர் வருகிற மெல்லிய போத்தல், சர்பத் போத்தல், ஜாம் போத்தல் எதையும் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். கண்ணாடிப் போத்தல் கண்டிப்பாக வேண்டாம், வெடித்தால் கண் போகும்.

நன்றாகக் குளிர்ந்த தண்ணீரை முக்கால் போத்தலுக்குக் கொஞ்சம் மேலே நிரப்பி, தண்ணீர் வாய்வரை ஏறும்வரை போத்தலை நசித்து உள்ளே இருக்கிற காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு மூடியைப் பூட்டுங்கள். இந்த நசிக்கிற வேலையைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், காற்று உள்ளே இருந்தால் அது காஸின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு 35 பிஎஸ்ஐ வைத்து காஸைத் திறந்தால் நசிந்த போத்தல் டப்பென்று நிமிரும், அப்படியே குழாயோடு வைத்துக் குலுக்குங்கள், ரெகுலேற்றரில் காஸ் ஓடுகிற சத்தம் கேட்கும், சத்தம் நின்றால் தண்ணீர் குடிக்கிறதைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். கழற்றி மறுபடியும் பிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்துத் திறந்தால் கடைச் சோடா தோற்கும். ஒரு லீற்றருக்கு 7 கிராம்தான் தண்ணீரில் நிற்கிறது, வீணாகிறது பாதி என்றாலும் 5 கிலோவில் 350 லீற்றர் எடுக்கலாம்.

மூன்றாம் கட்டை:

இவ்வளவு பாடு எதற்கு? சந்தியில் உள்ள கடையில் சோடா இருக்கிறது, போத்தலைத் திறந்தால் காஸ் வருகிறது. அப்பா ஒருவர் நாளைக்கு ஒரு போத்தல் குடிக்கிறார், அதற்கு 5 கிலோ சிலிண்டரும் ரெகுலேற்றரும் வாங்கி வைக்க அந்தக் காசுக்கு எத்தனை போத்தல் வாங்கலாம் என்று கணக்குப் போட்டீர்களா? பொழுதுபோக்கு என்றால் சரி, மிச்சம் பிடிக்க என்றால் பேச்சுக்கு இடமில்லை.

உப்புவெளியான்:

மூன்றாம் கட்டை அண்ணா, காசுக்காக மட்டும் இல்லை, போத்தல் குவிகிறதுதான் பெரிய தலையிடி. மற்றது, அப்பாவோடு சேர்ந்து நாங்களும் குடிக்கத் தொடங்கிவிட்டோம், பிள்ளைகளும் கேட்கிறார்கள், அவர்களுக்குச் சீனிச் சோடா பழக்க எனக்கு விருப்பமில்லை. கடையில் போத்தலில் சீனி கூட என்று காட்டுகிற சிவப்பு வட்டம் பார்த்தும் வாங்கிக் கொடுக்கிறது மனசுக்குக் கஷ்டம்.

பார்க்காரத் தம்பி, ரொம்ப நன்றி. உணவுத்தரம் என்று சொன்னீர்கள், வெல்டிங் சிலிண்டர் என்றால் எனக்குத் தெரிந்த பட்டறையில் நாளைக்கே எடுக்கலாம். அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? அதோடு மூடிக்கு ஒன்லைனில் ஓடர் போட்டுக் காத்திருக்காமல், பழைய மூடியில் துளை போட்டு ரியூப்லெஸ் ரயர் வால்வு ஒன்றைப் பூட்டினால் போதாதா? சைக்கிள் கடைக்காரப் பொடியன் ஐந்து நிமிஷத்தில் செய்து தருவேன் என்கிறான்.

நிலாவெளி பார்க்காரன்:

வெல்டிங் காஸ் பற்றி: வாயு ஒன்றுதான், பிரச்சினை சிலிண்டர். உணவுத்தரம் என்றால் 99.9 வீதம் தூய்மை, அதைவிட முக்கியம் எண்ணெய், கந்தகம், மற்ற அசுத்தங்கள் எவ்வளவு என்று சோதித்துத்தான் தருவார்கள், E290 என்று அந்தச் சேர்க்கைக்கு இலக்கமே இருக்கிறது. பட்டறைச் சிலிண்டருக்குள் முன்னால் என்ன போனது, யார் எப்படி நிரப்பினார் என்று யாருக்கும் கணக்கில்லை. இன்னொன்று, வெல்டிங்கில் ஆர்கன் கலந்த காஸும் பாவிக்கிறார்கள், அது தண்ணீரில் சரியாகக் கரையவே கரையாது, நாளெல்லாம் குலுக்கினாலும் உங்களுக்குச் சப்பென்ற தண்ணீர்தான். அப்புறம் சிலர் தீயணைப்பு சிலிண்டரை நினைப்பார்கள், அதில் அடிவரை ஒரு குழாய் இறங்கியிருக்கும், வாயு வராது, திரவமே பீறிட்டு வரும், ரெகுலேற்றரைக் கெடுத்துக் கையையும் சுட்டுவிடும். குளிரில் சுடுவது என்றால் என்னவென்று அப்போது தெரியும். சாய்த்துப் பிடித்தாலும் அதே கதைதான், அதனால் எந்தச் சிலிண்டரையும் நிமிர்த்தி, சுவரோடு சங்கிலியில் கட்டி வையுங்கள்.

ரயர் வால்வு பற்றி ரீச்சர் சொல்லட்டும், எனக்கு விருப்பமில்லை.

ஓய்வுபெற்ற இரசாயனம்:

விருப்பமில்லாதது சரிதான். காபனீரொட்சைட்டு கரைந்த தண்ணீர் ஓர் அமிலம், பிஎச் 4க்குப் பக்கம். ரயர் வால்வு பித்தளை, பித்தளையில் செம்பும் நாகமும் (சிங்க்) இருக்கும், கொஞ்சம் ஈயமும் சேர்த்திருப்பார்கள், குலுக்கும்போது தண்ணீர் அந்த வால்வில் பட்டுப் பட்டு அவற்றைக் கரைக்கும். சோடா மெஷின்களில் தண்ணீர் பின்னோக்கிப் போய் செம்புக் குழாயைத் தொட்டு, குடித்தவர்கள் வாந்தி எடுத்த சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன, அதனால்தான் அங்கே சோடா எந்திரத்துக்குப் போகிற குழாயில் செம்பு இருக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ரயருக்கு அடிக்கிற வால்வின் இறப்பரும் உணவுக்கென்று செய்ததில்லை. பொடியனிடம் சைக்கிளுக்குக் காற்று அடியுங்கள், சோடாவுக்கு அந்த மூடி வரும்வரை பொறுங்கள்.

இன்னொரு விஷயம், இதைப் பார்க்காரத் தம்பி சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காபனீரொட்சைட்டின் அவதி வெப்பநிலை 31.1 பாகை. அதற்குக் கீழே சிலிண்டருக்குள் திரவமும் மேலே வாயுவும் இருக்கும், 20 பாகையில் உள்ளே சுமார் 57 வளிமண்டல அமுக்கம். 31 பாகையைத் தாண்டினால் திரவம், வாயு என்ற வேறுபாடே கிடையாது, அமுக்கம் 73ஐத் தாண்டி, சூடு ஏற ஏற வேகமாக ஏறும். ஆனி ஆடி மத்தியானம் எங்கள் ஊர் எத்தனை பாகை என்று உங்களுக்கே தெரியும். மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, வெயிலில் நிறுத்திய வாகனத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டாம். சரியாக நிரப்பிய சிலிண்டருக்கு இதைத் தாங்கும் இடம் விட்டிருப்பார்கள், அமுக்கம் மிஞ்சினால் உடைந்து வாயுவை வெளியே விடுகிற காப்பு வில்லையும் இருக்கும், ஆசைப்பட்டு அளவுக்கு மேல் நிரப்பிய சிலிண்டருக்குத்தான் ஆபத்து. அதனால்தான் பெரிய சிலிண்டரிலிருந்து மெஷினின் சின்னச் சிலிண்டருக்கு வீட்டிலேயே மாற்றி நிரப்புகிற வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீர்கள் என்கிறேன். தராசு இல்லாமல் நிரப்பினால் எத்தனை கிராம் போனது என்று கண்ணுக்குத் தெரியாது.

கசிவும் அப்படித்தான். 5 கிலோ முழுதும் வெளியே வந்தால் 2,700 லீற்றருக்கு மேல் வாயு. பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்றால் மொத்தம் 28,000 லீற்றர் சொச்சம், கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு காபனீரொட்சைட்டாகிவிடும், அந்த அளவில் மனிதன் மயங்கி விழுவான். மணமும் இல்லை, நிறமும் இல்லை, காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு நிற்கும். ஜன்னல் மூடி ஏசி போட்டுப் படுக்கிற அறையில் சிலிண்டரை வைக்க வேண்டாம். குசினிக்கு வெளியே, நிழலில், காற்றோட்டமான இடம், பாவித்து முடிந்ததும் சிலிண்டர் வால்வையே மூடிவிடுங்கள்.

தம்பலகாமத்து மருமகள்:

நீங்கள் எல்லோரும் சிலிண்டரிலேயே நிற்கிறீர்கள், இஞ்சியை யாரும் நினைக்கவில்லை. என் மாமி இஞ்சியை இடித்து, சீனி போட்டு, தண்ணீரும் தேசிக்காயும் விட்டு, ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு, சோடாப் போத்தலில் அடைத்து வைப்பா, எங்கள் ஊர்ச் சூட்டுக்கு ஒரு நாளிலேயே போத்தல் கல்லு மாதிரி இறுகிவிடும். போத்தலை அமுக்கிப் பார்த்தால் அமுங்கக் கூடாது, அவ்வளவுதான் அடையாளம், உடனே பிரிட்ஜுக்குள். மறந்து வெளியே விட்டால் மூடி கூரைக்குப் போகும், அதனால் இதற்கும் பிளாஸ்ரிக் போத்தல்தான்.

ஒன்று சொல்ல வேண்டும், இது சீனி இல்லாத பானம் இல்லை. ஈஸ்ட் சீனியைத் தின்றுதான் காஸைத் தருகிறது, தின்னாதது மிச்சம் இருக்கும், கொஞ்சம் மதுசாரமும் சேரும். கள்ளில் நுரை எப்படி வருகிறதோ அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. உப்புவெளியான் அண்ணாவின் அப்பாவுக்கு இது சரிவராது, விருந்தாளி வந்தால் வைக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை.

பிள்ளைகளுக்கு வெற்றுச் சோடாவில் கொஞ்சம் நன்னாரிப் பாணி, அல்லது தேசிக்காய்ப் புளியும் ஒரு கல்லு உப்பும். ஒன்றே ஒன்று, சோடா அடித்து முடித்துக் கிளாசில் ஊற்றிய பிறகுதான் புளி, பாணி, உப்பு எல்லாம். முதலிலேயே போட்டுக் காஸ் அடித்தால் நுரை பொங்கிக் குழாய்க்குள் ஏறும், மெஷின் ஒட்டும், எறும்பு வரும். உப்பைப் போடும்போதும் நுரைக்கும், மெல்லச் சரித்துப் போட வேண்டும்.

மூதூர்ப் பொடியன்:

சிலிண்டர் பயம் உள்ளவர்களுக்கு சோடா சைஃபன் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. கைப்பிடி வைத்த உலோகப் போத்தல், 8 கிராம் சீஓடூ குண்டு ஒன்றைத் திருகினால் ஒரு லீற்றர் தயார், அறை நிறைந்து மயங்குகிற அளவுக்குக் காஸ் அதில் இல்லை. குண்டு வாங்கும்போது பெட்டியைப் படியுங்கள், கிரீம் அடிக்கிற குண்டும் அதே 8 கிராம், அதே உருவம், உள்ளே இருப்பது சிரிப்பு வாயு. சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற குண்டும் வேண்டாம், அது உணவுக்கென்று நிரப்பியது இல்லை, சிலதில் எண்ணெய் இருக்கும். குறை என்றால் லீற்றருக்கு ஒரு குண்டு, வெற்றுக் குண்டு மறுபடியும் குப்பை. உப்புவெளியான் அண்ணாவுக்குப் போத்தல் குவிகிற இடத்தில் குண்டு குவியும்.

எங்கள் கடைப்பக்கம் மீன் ஏற்றுகிற ரெஜிபோம் பெட்டியில் ஐஸோடு ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுத் தண்ணீர்ப் போத்தலைப் புதைத்துவிடுவோம், கொஞ்ச நேரத்தில் பிரிட்ஜைவிட நன்றாகக் குளிரும். கரண்ட் போனால் இந்த வழிதான். ஒரேயடியாக மறந்துவிட்டால் தண்ணீர் உறைந்துவிடும், கவனம்.

மூன்றாம் கட்டை:

ஐஸ் என்றதும் ஞாபகம் வருகிறது, உலர் ஐஸை போத்தலுக்குள் போட்டு மூடினால் சோடா என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. அதுவும் காபனீரொட்சைட்டுத்தானே, ஏன் யாரும் சொல்லவில்லை?

ஓய்வுபெற்ற இரசாயனம்:

சொல்லாததற்குக் காரணம் அது போத்தல் குண்டு என்பதுதான். உலர் ஐஸ் 78 பாகை மறையில் இருக்கிற திண்மம், மூடிய போத்தலுக்குள் அது வாயுவாகிக்கொண்டே இருக்கும், நிறுத்த முடியாது, ரெகுலேற்றரும் இல்லை, காப்பு வால்வும் இல்லை. மூடக் கூடாது, ஒருபோதும்.

இரண்டு போத்தல் முறையிலும் இதே புத்திதான் வேண்டும் என்பதால் அதையும் முடித்துவிடுகிறேன், உப்புவெளியான் தம்பி சிலிண்டர் கிடைக்கும்வரை செய்து பார்க்க விரும்பினால். மீன்தொட்டிச் செடிகளுக்குக் காபனீரொட்சைட்டு விடுகிற இரட்டை மூடி செட் ஒன்று விற்கிறது, அமுக்கமானியும் காப்பு வால்வும் அதிலேயே இருக்கும், உலோகப் பகுதி ஸ்டெயின்லெஸ் என்று பார்த்து வாங்குங்கள். அரை லீற்றர் போத்தலில் 15 கிராம் சித்திரிக்கமிலத்தைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, 20 கிராம் அப்பச்சோடாவை ரிஷூவில் சின்னச் சின்னப் பொட்டலமாகச் சுற்றி, ஒவ்வொன்றாகப் போடுங்கள். குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலைக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், முள் இறங்கிய பிறகு அடுத்த பொட்டலம். அவசரப்பட்டு முழுவதையும் ஒரே தடவையில் போட்டுக் குலுக்காமல் விட்டால் முள் 100 பிஎஸ்ஐயைத் தாண்டும், அந்தத் தண்ணீர் வாயுவைக் குடிக்க நேரம் கொடுக்க வேண்டும். இடையில் ஒரு வெற்றுப் போத்தலை வைத்தால் அமிலத் தண்ணீர் தெறித்துக் குடிக்கிற பக்கம் போகாது.

தண்ணீர்: சவர்க் கிணறு வேண்டாம், சோடா அடித்தால் உப்புச் சுவை இன்னும் தூக்கும். கந்தளாயிலிருந்து வருகிற பைப் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் குளோரின் மணமும் போகும், கரைந்திருக்கிற காற்றும் போகும், காற்றுப் போன தண்ணீரில் சோடா அமைதியாக, பொங்காமல் நிற்கும். வடித்து மூடிப் பிரிட்ஜில் வையுங்கள்.

உப்புவெளியான்:

ரீச்சர், பார்க்காரத் தம்பி, எல்லோருக்கும் நன்றி. பொட்டலம் சுற்றுகிற வேலை எனக்குச் சரிவராது, சிலிண்டருக்கே போகிறேன், குசினிக்குப் பின்னால் மாமரத்து நிழலில் இடம் இருக்கிறது. அக்காவின் மெஷினைப் பெரிய சிலிண்டரோடு குழாயில் இணைக்கிற அடப்ரர் இருக்கிறதாமே, அது பரவாயில்லையா? மற்றது அம்மா கேட்கச் சொன்னா, சோடா குடித்தால் எலும்பு கரையுமா?

நிலாவெளி பார்க்காரன்:

அடப்ரர் இருக்கிறது, ஆனால் மெஷினின் சிலிண்டர் வாய் பழைய திருகு வகையா, புதிய கொளுவி வகையா என்று முதலில் பாருங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. மெஷினோடு வந்த போத்தலில் திகதி அச்சடித்திருக்கும், அது கழிந்தால் பாவிக்க வேண்டாம், சுடுதண்ணீரில் கழுவவும் வேண்டாம், பிளாஸ்ரிக் பலம் இழந்துவிடும். என்னைக் கேட்டால் மூடி வழிதான் சுலபம், மெஷினை அக்கா வரும்போது மேசையில் எடுத்து வையுங்கள், போதும்.

எலும்பு விஷயம்: 2006இல் வெளிவந்த, அமெரிக்காவில் பிராமிங்ஹாம் என்ற ஊர்க்காரரிடம் செய்த ஆய்வில் பெண்களுக்கு இடுப்பு எலும்பு அடர்த்தி குறைவாக இருந்தது கோலா குடித்தவர்களிடம், மற்றக் காஸ் பானங்களில் அப்படித் தெரியவில்லை. வெற்றுச் சோடாவுக்கு அம்மா பயப்பட வேண்டாம். நெஞ்செரிவு உள்ள ஆளுக்குத்தான் காஸ் கூட்டும், அப்பாவுக்கு அது இருந்தால் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சிலிண்டர் எடுக்கப் போகும்போது ரெகுலேற்றரையும் கையோடு கொண்டுபோய் அங்கேயே பூட்டிப் பாருங்கள், திருகு சேராவிட்டால் வீட்டுக்கு வந்து சண்டை பிடிக்க முடியாது. வாயில் ஒரு நைலோன் வாஷர் இருக்கும், அது நசிந்திருந்தால் புதிது கேளுங்கள், இரண்டு மூன்று கூட எடுத்து வையுங்கள். பூட்டிய பிறகு சவர்க்காரத் தண்ணீரை மூட்டுகளில் தடவிப் பார்த்து, குமிழி வந்தால் இறுக்குங்கள், இறுக்கியும் நிற்காவிட்டால் வால்வை மூடிவிட்டு எனக்கு இங்கேயே எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, வந்து பார்க்கிறேன்.